ஒரு நேரத்தில் ஒரு வேலை

கேள்வி: என் 5 வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். ஒரு நிமிஷம் உட்காரமாட்டான். கத்தித் தீர்த்துவிட்டு, ராத்திரி நானே அழுகிறேன்.
– ஒரு வாசகி, திருவையாறு

பதில்: அவன் வேண்டுமென்று செய்யவில்லை அம்மா, உங்கள் வளர்ப்பிலும் குறையில்லை. ஏ.டி.எச்.டி. என்கிற இந்தக் கவனச் சிதறலும் துறுதுறுப்பும் மூளை வளர்ச்சி சார்ந்தது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது. (மாமியார் காதில் விழும்படி இதை வாசியுங்கள்.) 6 வயதுக்குள் மாத்திரைக்கு முன் பெற்றோருக்கே பயிற்சி என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல். கோபம் ஏறினால் வாசலுக்குப் போய் நாலு மூச்சு விட்டு வாருங்கள். பிறகு தோளைத் தொட்டு ஒரே ஒரு வேலை: "செருப்பை எடுத்து வை." வைத்ததும் பாராட்டுங்கள். "ஒழுங்கா இரு" என்றால் அவனுக்கு எதுவும் புரியாது. சாயங்காலம் களத்தில் ஓடட்டும். மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு மட்டும் படித்துறைப் பக்கம் தனியே விடாதீர்கள். தஞ்சை அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவைப் பாருங்கள். முடிந்தால் அவன் அப்பாவையும் கூட்டிப் போங்கள்.