கோவலன் கெட்டது யாரால்? – சிலம்பு தரும் வணிகப் பாடம்

நம் ஊர்ப் பக்கம் கோயில் கொடை என்றாலும் பொங்கல் விழா என்றாலும் பட்டிமன்றம் இல்லாமல் இருப்பதில்லை. பட்டிமன்றத்தில் சலிக்காமல் வந்துகொண்டிருக்கும் தலைப்பு ஒன்று உண்டு. கோவலன் வீழ்ச்சிக்குக் காரணம் மாதவியா, பொற்கொல்லனா, பாண்டியனா, ஊழ்வினையா என்பதே அது. நடுவர் ஒரு தீர்ப்புச் சொல்வார், நாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். ஆனால் இந்தக் கேள்வி புலவர்களுக்கு மட்டும் உரியது அன்று. கோவலன் நம்மவன், வணிகன். அவன் தந்தை மாசாத்துவான் தரைவழி வாணிகம் செய்த பெருவணிகர். கண்ணகியின் தந்தை மாநாய்கன் கடல் வாணிகர். கோவலன் உயிர் விட்டதோ நமக்குச் சுமார் 85 கி.மீ. வடக்கே உள்ள மதுரையில், கடைத்தெருவுக்குப் பொருள் விற்கப் போன இடத்தில். ஆகவே இந்தக் கணக்கை நாமும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஒன்று முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் இரண்டு நட்டங்கள் இருக்கின்றன. ஒன்று பொருள் நட்டம், மற்றது உயிர் நட்டம். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுவதால்தான் நமக்குத் தீர்ப்பு குழம்புகிறது. தனித்தனியே எழுதிப் பார்ப்போம்.

1. பொருள் நட்டம் யார் கணக்கு?

திருமணத்தின்போது கோவலனுக்கு வயது 16, கண்ணகிக்கு 12. பெரியவர்கள் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தார்கள். கை நிறையப் பொருள் இருந்தது, கணக்குக் கேட்பார் யாரும் இல்லை. மாதவி சோழன் அவையில் ஆடித் தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சுப் பொன் மதிப்புள்ள மாலையும் பெற்றாள். அந்த மாலையை வாங்குபவரே மாதவிக்கு உரியவர் என்று கூனி ஒருத்தி நகர நம்பியர் திரியும் தெருவில் நின்று விற்றாள். கோவலன் விலை கொடுத்து வாங்கினான்.

கவனியுங்கள். அந்தத் தெருவில் செல்வர் பலர் இருந்தார்கள். கோவலன் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. வாங்கியது அவன். கையிருப்பைக் கேளாமல் செலவழித்ததும் அவன். பிறகு கடற்கரையில் இருவரும் யாழ் மீட்டிப் பாடியபோது, அவன் வேறொருத்தியை நினைத்தவன்போலப் பாடினான். அவளும் ஊடலாக அதே வகையில் பதில் பாடினாள். அதைக் கேட்ட மாத்திரத்தில் ஐயம் கொண்டு எழுந்து போனவனும் அவன்தான். மாதவி தாழை மடலில் எழுதி அனுப்பிய கடிதத்தை வாங்கவும் மறுத்தான்.

மாதவி அவன் சொத்தை அழித்தாள் என்று சொல்வது நமக்கு எளிது. ஆனால் இளங்கோவடிகள் அப்படிச் சொல்லவில்லை. மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் மாதவியின் இரண்டாவது கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான். படித்து முடித்ததும், அவள்மீது குற்றமில்லை, குற்றம் என்னுடையதே என்று கோவலனே ஒப்புக்கொள்கிறான். கணக்கு எழுதியவனே கையொப்பம் போட்டுவிட்ட பிறகு நாம் வேறு பெயரில் பற்று எழுதக் கூடாது. பொருள் நட்டம் கோவலன் கணக்கே.

2. உயிர் நட்டம் யார் கணக்கு?

இங்குதான் பலர் தவறுகிறோம். ‘கட்டிய மனைவியை விட்டுப் போனான், அதனால் அழிந்தான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மனைவியை விட்டுப் பிரிந்ததற்கும் பொருளைத் தொலைத்ததற்கும் தண்டனை வறுமையும் வெட்கமும். அவை இரண்டையும் அவன் முழுதாக அனுபவித்தான். தலை குனிந்து வீடு திரும்பினான். மீதமிருந்த சிலம்பை முதலாக வைத்துப் புதிதாக வாணிகம் தொடங்க மனைவியோடு நடந்தே மதுரைக்கு வந்தான். நொடித்துப்போன ஒருவன் திருந்தி, மீண்டும் கடை போட எழுந்து நிற்கும் நேரம் அது. கொலை அந்த நேரத்தில் நடந்தது. அவனுடைய பழைய பிழைக்கும் இந்தக் கொலைக்கும் தொடர்பில்லை.

அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருந்த பொற்கொல்லன், கையில் ஒற்றைச் சிலம்புடன் அயலூரான் ஒருவன் வந்ததும் தன் பழியை அவன்மேல் ஏற்றினான். அவன் பொய் சொன்னது உண்மை. ஆனால் பொய்யன் எந்த ஊரிலும் இருப்பான். அந்தப் பொய் கொலையாக முடிந்தது யாரால்? ஊடல் கொண்டு போன தேவியைச் சமாதானம் செய்ய விரைந்துகொண்டிருந்தான் பாண்டியன். நின்று விசாரிக்க அவனுக்கு நேரமில்லை. சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்று கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். காவலர்கள்கூட, இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கினார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்கி அவர்கள் வாயை அடைத்தான். அதற்குள் ஒரு குடிகாரக் காவலாளி வாளை வீசிவிட்டான்.

பிறகு கண்ணகி வந்து ஒரே ஒரு செய்தி சொன்னாள். தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்றாள். தங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அரசன். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பை அவள் உடைத்துக் காட்டினாள். ஒரு நிமிட வேலை. எடை போடும் முன் தட்டைச் சரிபார்ப்பது போன்ற வேலை. அதைக் காலையில் செய்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான், அரசனும் அரசியும் பிழைத்திருப்பார்கள், மதுரையும் எரிந்திருக்காது. தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு அரசன் அங்கேயே உயிர் விட்டான். ஆக, உயிர் நட்டத்தில் பொய் சொன்னவனுக்கு ஒரு பங்கு, சரிபாராமல் ஆணையிட்டவனுக்குப் பெரும் பங்கு.

3. ஊழ்வினை என்ன சொல்கிறது?

எல்லாம் விதி என்று சொல்வோரும் உண்டு. காப்பியத்திலேயே மதுராபதித் தெய்வம் முற்பிறவிக் கதையைச் சொல்கிறது. அந்தக் கதை என்ன? சங்கமன் என்ற வணிகன் மனைவி நீலியோடு அயல் நகரான சிங்கபுரத்துக்கு வந்து கடைவீதியில் அணிகலன் விற்றுக்கொண்டிருந்தான். அரசனிடம் வேலை பார்த்த பரதன் என்பவன் அவனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்லச் செய்தான். அந்தப் பரதனே கோவலனாகப் பிறந்தான். விதியின் கதையைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருப்பது விசாரிக்கப்படாத ஒரு பழிதான். விதி என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள அடிகள் வழி வைக்கவில்லை.

இதற்குப் பின்னும் ஒரு கொடுமை நடக்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய 1,000 பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று காப்பியம் கூறுகிறது. திருடியவன் ஒருவன், மாண்டவர்கள் ஆயிரம் பேர். ஒரு கடைக்காரர் கலப்படம் செய்தால் ‘வியாபாரிகளே இப்படித்தான்’ என்று ஊர் பேசும்போது நமக்கு எப்படி வலிக்கிறது? அந்த வலி தெரிந்த நாம் இந்த இடத்தை வேகமாகப் புரட்டிவிடக் கூடாது.

4. என் கடையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய வாரம், கல்லாவில் 3,500 ரூபாய் குறைந்தது. பொட்டலம் மடிக்கும் இளைஞன் அன்று கல்லாப் பக்கம் வந்துபோனதைப் பார்த்திருந்தேன். வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கேட்டுவிட்டேன். ‘இல்லை அண்ணாச்சி’ என்று ஒரே வார்த்தை சொன்னான். மறுநாள் வரவில்லை, சம்பளப் பாக்கியும் வாங்க வரவில்லை. நான்கு நாள் கழித்து, மொத்தக் கடைக்குத் தம்பி கட்டிய தொகையின் ரசீது அவன் சட்டைப் பையிலிருந்து வந்தது. தொகை 3,500 ரூபாய். சிட்டையில் ஏற்ற மறந்திருக்கிறோம்.

சம்பளத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஊரைவிட்டே போய்விட்டிருந்தான். அவன் தாயார் தண்ணீர் கொடுத்தார். ‘நீங்க கேட்டதுகூடப் பெரிசில்ல அண்ணாச்சி, நாலு பேரு முன்னாடி கேட்டீங்களே’ என்றார். என்னிடம் பதில் இல்லை. சிட்டையைப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கண்ணகி சிலம்பை உடைத்த நேரம்தான்.

5. நாம் கொள்ள வேண்டியவை

முதலாவது, பொருள் குறைந்தால் முதலில் ஏட்டைப் பாருங்கள், பிறகு ஆளைப் பாருங்கள். கேட்க வேண்டியிருந்தால் தனியே அழைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது, அவசரத்தில் இருக்கும்போது யாரைப் பற்றியும் முடிவு செய்யாதீர்கள். பாண்டியன் கெட்டவன் அல்லன், அவசரக்காரன். நம்மில் பலரும் அப்படித்தான்.

மூன்றாவது, நொடித்துப்போய் மீண்டும் எழ முயலும் வணிகரைப் பழைய கதை பேசித் தள்ளிவிடாதீர்கள். மாசாத்துவான் மகன் என்று தெரிந்தால் மதுரை வணிகர்கள் விருந்தாக எதிர்கொண்டு காப்பார்கள் என்று கவுந்தியடிகள் மாதரியிடம் சொல்கிறார். கோவலனோ அவர்களைத் தேடிப் போகாமல் ஆயர் வீட்டிலிருந்து தனியே கடைத்தெருவுக்குப் போனான். இவனை எனக்குத் தெரியும் என்று சொல்ல அங்கே ஒருவர்கூட இல்லை. தோற்ற வணிகனுக்கு இன்னொரு வணிகர் முன் போய் நிற்கக் கூச்சமாக இருந்திருக்கும். அந்தக் கூச்சத்தைப் போக்கத்தான் சங்கம் இருக்கிறது. அவர் வரக் காத்திராமல் நாமே போய் அழைக்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளோடு பேசச் சில கேள்விகள்:

கோவலன் மாலை வாங்கிய அன்றே கணக்குக் கேட்டிருக்க வேண்டியவர் யார்?

காவலர்களின் தயக்கத்தை அரசனிடம் யாராவது கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நாம் கேட்காமல் நம்பிய பழி ஏதேனும் நம் கடையிலும் உண்டா?

முதல் இரண்டையும் பிள்ளைகளிடம் விடலாம். மூன்றாவதற்குக் கடைக்காரராகிய நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.