ஒப்பாரியும் ஆடற்பாட்டும்

ஆடற்பாட்டு களிப்புக்குரியது, ஒப்பாரி துயருக்குரியது என்று இரண்டனையும் வேறு பிரித்து எண்ணுதல் நம் வழக்கம். இவை ஒரே பாட்டில் இயையுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ அதற்குத் தக்க சான்றாகும்.

இதனைப் பாடியோர் தீ, அறிவு ஆகிய இருவர். சொற்களை யாத்தவர் அறிவு. பாட்டினைத் தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். காணொலியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். பிரான்சு நாட்டு டி.ஜே. ஸ்னேக் அதே ஆண்டில் இதனை ஆடலரங்குகளுக்கு ஏற்பப் புதுக்கி அளித்தார்.

தலைப்பின் முதற்சொல் ‘மகிழ்க’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். மற்றொன்று ‘என் சாமி’ என்பதன் பேச்சு வடிவம். நம் சிறுவாச்சூர்ப் பக்கத்து முதியோர் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுங்கால் வழங்குவதும், மாண்டாரை எண்ணி அழுங்கால் வழங்குவதும் இச்சொல்லே. கொஞ்சலும் அழுகையும் ஒரு சொல்லிலே கூடியிருத்தலை நோக்குக.

பாட்டுக்கு வித்தானவர் அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள். இவர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர். அவ்வரலாறு நமக்கு அயலானது அன்று. பெரம்பலூர்ப் பகுதி 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அத்தோட்டங்களுக்கு மிகுதியாக ஆள் சென்ற மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. சென்றவர் காடு திருத்தினர். முதலில் காப்பியும், 1867-க்குப் பின் தேயிலையும் பயிரிட்டனர். ஆயினும் 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழியினருள் மிகப் பலரை நாடற்றவர் ஆக்கியது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவர் என வகுத்தது. மண்ணைப் பண்படுத்தியோர்க்கு அம்மண்ணில் உரிமை இல்லாது போயிற்று. இதுவே பாட்டின் உட்கிடை.

இத்துயரை ஆடற்றாளத்தில் அமைத்தல் தகுமோ எனச் சிலர் வினவலாம். ஒப்பாரி மூச்சின் நீளத்திற்கேற்ப நீளும். மின்னணு இசையின் தாளமோ கடிகாரம்போல் ஒரே அளவில் நடக்கும். எனினும் நம் ஊர்களில் இழவு வீட்டின் உள்ளே பெண்டிர் ஒப்பாரி வைக்க, வெளியே பறை முழக்கத்திற்கு இளைஞர் ஆடுதல் இன்றும் உண்டு. பண்டே அருகருகே நின்ற அழுகையையும் ஆட்டத்தையும் இப்பாட்டு ஒன்றாக்கியது எனலாம்.

காணொலியும் அவ்வாறே. அதில் வள்ளியம்மாள் இரங்கத்தக்கவராக அன்றிப் பெருமிதத்தோடு தோன்றுகின்றார். ஆடுவோர் ஒளிமிக்க உடையும் அணியும் பூண்டு, நிலத்துக்கு உரியோராகவே நிற்கின்றனர். துயரைக் கூறியும் சிறுமை கொள்ளாமை இதன் சிறப்பு.

2022-இல் மாமல்லபுரச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில், அறிவு மேடையில் இல்லாத நிலையில் இப்பாட்டு ஒலித்தது. அதன்பின் ஆக்கத்தில் எவர் பங்கு எத்துணை என்பது பற்றி அறிவும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு கூற்றுகளை வெளியிட்டனர். அவ்வழக்கைத் தீர்த்தல் நம் கடன் அன்று. உழைத்தவர்க்கு உரிமை யாது எனக் கேட்ட பாட்டின் மீதே அவ்வினா திரும்பியமை மட்டும் சிந்திக்கத்தக்கது.

மாணவ அன்பர்காள்! நும் ஊர் முதியோர் நெஞ்சில் எழுதப்படாத ஒப்பாரிகள் பல உள. அவற்றைக் கேட்டு எழுதுங்கள். எழுதுங்கால், பாடியவர் பெயரை முதலில் எழுதுங்கள்.