தாய்நாட்டின் அருமை

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. தாய்நாட்டின் அருமையும் அயல்நாட்டில் வாழ்ந்தோர்க்கே நன்கு புலப்படும்.

காந்தியடிகள் 1893-ஆம் ஆண்டு வழக்குரைஞராகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்த தமிழரோடும் பிற இந்தியரோடும் பழகினார். மொழியும் சமயமும் வேறாயினும் அனைவரும் ஒரு நாட்டு மக்களே என்னும் உணர்வு அவருள்ளத்தில் வேரூன்றியது.

1915 சனவரித் திங்கள் 9-ஆம் நாள் அவர் பம்பாய்க்குத் திரும்பினார். ஓராண்டுக் காலம் நாட்டைச் சுற்றிப் பார்க்குமாறு கோகலே அறிவுரை கூறினார். அவ்வாறே புகைவண்டியின் மூன்றாம் வகுப்பில் ஏழைகளோடு ஏழையாய்ப் பயணம் செய்தார். தென்னாப்பிரிக்க அறப்போரில் சிறை சென்று, நோயுற்று, 1914-இல் உயிர்நீத்த வள்ளியம்மையின் முன்னோர் ஊராகிய தில்லையாடிக்கும் சென்றார்.

நாட்டுப்பற்று என்பது நாட்டைப் புகழ்ந்து பேசுவது மட்டுமன்று. அதன் மக்களை நேரிற் கண்டு, அவர்தம் இன்பதுன்பங்களை உணர்வதும் ஆகும்.

மாணவர்களே! நாளை மேற்கல்விக்காக நீங்களும் மலேசியாவை விட்டுக் கடல் கடந்து செல்லலாம். கற்றுத் திரும்பும் நாளில், தோட்டத்தில் உழைத்து உங்களைப் படிக்க வைத்தோரை முதலில் நாடிச் செல்லுங்கள். நீங்கள் கற்ற கல்வி அவர்களுக்கும் பயன்படட்டும்!