மேல்முறையீட்டில் புதுச்சான்று: தேக்கா குமாஸ்தா ஒருவரின் அறிவுரைகள்

சிங்கப்பூரின் தேக்காவில் வழக்குக் கட்டுகளோடு தலை நரைத்தவன் நான். வீடோ, கடைவீடோ, ஊர் நிலமோ, சொத்து வழக்கில் தோற்று வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு பத்திரம் கிடைச்சிருக்கு, அப்பீல்ல போட்டுடலாமா?" புதிதாக இத்தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. "விசாரணையிலேயே ஏன் காட்டவில்லை?" என்று முதலில் கேளுங்கள். சான்று வைக்கும் இடம் விசாரணை. அங்கே வைத்ததைக் கொண்டு தீர்ப்பு சரியா என்று பார்ப்பதே மேல்முறையீடு. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மனு எழுத உட்காராதீர்கள்.

2. மூன்று நிபந்தனைகளை மனப்பாடம் செய்யுங்கள். லண்டனில் 1954இல் தீர்ப்பான லாட் எதிர் மார்ஷல் வழக்கில் வந்தவை இவை. சிங்கப்பூர் நீதிமன்றங்களும் இவற்றையே பார்க்கின்றன. தக்க முயற்சி எடுத்தும் விசாரணையின்போது கிடைத்திருக்கக் கூடாது. முடிவில் முக்கியமான தாக்கத்தை ஏற்படுத்தக்கூடிய அளவுக்குக் கனம் வேண்டும். பார்த்தவுடன் நம்பும்படி இருக்க வேண்டும்.

3. அந்த வழக்கின் கதையையும் படியுங்கள். வீடு வாங்கப் போனவர் 1,000 பவுண்டு ரொக்கமாகக் கொடுத்தேன் என்றார். விற்றவரின் மனைவி சாட்சிக் கூண்டில் நினைவில்லை என்றார். பிறகு, அன்று சொன்னது பொய், பணம் கைமாறியது உண்மை என்று சொல்ல முன்வந்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. பொய் சொன்னதாகத் தானே ஒப்புக்கொண்டவரை எப்படி நம்புவது? சாட்சி மனம் மாறிவிட்டார் என்று துள்ளிவரும் கட்சிக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

4. காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பழைய வாடகைப் புத்தகமா? பத்து வருட வரவும் ஒரே பேனா, ஒரே மையில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். யாரிடம் இருந்தது, யார் எடுத்தார், எந்தத் தேதியில் என்பதெல்லாம் பிரமாணப் பத்திரத்தில் வர வேண்டும். "பெட்டியில் கிடந்தது" என்பது போதாது. மத்திய சேமநிதிக் கணக்கறிக்கையும் வங்கிக் கணக்கறிக்கையும் கேட்டால் கிடைப்பவை. கேட்காமல் விட்டது தக்க முயற்சி ஆகாது.

5. தீர்ப்புக்குப் பின் நடந்தவற்றைத் தனியாகப் பிரித்துவையுங்கள். மற்றச் சான்றுக்கு விதிகள் சிறப்புக் காரணம் கேட்கின்றன. பின்நிகழ்வுக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனாலும் வழக்குக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று காட்டியாக வேண்டும்.

6. தஞ்சாவூர் நிலத்துக்குச் சிங்கப்பூர் விதியைப் பேசாதீர்கள். அங்கே சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 41, விதி 27. வழக்கில் விட்ட ஓட்டையை அடைக்க அதைப் பயன்படுத்த முடியாது. அத்தகைய மனுவை மேல்முறையீட்டின் இறுதி விசாரணையோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம் இப்ராஹிம் உத்தீன் வழக்கில் சொன்னது. "சிங்கப்பூரில் இருந்தேன், தெரியாது" என்பதும் எடுபடாது. வில்லங்கச் சான்றை இங்கிருந்தே இணையத்தில் பார்க்கலாம்.

7. புதுச்சான்றை மட்டும் நம்பி மேல்முறையீடு போடாதீர்கள். ஏற்கெனவே பதிவில் உள்ள சாட்சியத்தை நீதிபதி எங்கே தவறாகப் படித்தார் என்று வரிவரியாகத் தேடுங்கள். மனு தள்ளுபடியானாலும் அந்த வாதம் நிற்கும். அதுவும் இல்லையென்றால், செலவுத்தொகை ஏறுமுன் கட்சிக்காரரிடம் உள்ளதைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.