கூடாரம் பிரித்த பிறகு டி-ஷர்ட் காசைக் கேட்டு வாங்குவது

கச்சேரி மைதானத்தில் துணி வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. கடைவீதியில் வாங்கினால் கடை மறுநாளும் அங்கேயே இருக்கும். மைதானத்திலோ விடிவதற்குள் கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். பழுது என்று தெரிந்த பிறகு யாரைப் பிடித்துக் கேட்பது என்று கண்டுபிடிப்பதே முக்கால்வாசி வேலை.

நாங்கள் மதுரைக்காரர்கள். சென்னையில் நடந்த பெரிய திரையிசை நிகழ்ச்சி ஒன்றுக்கு மகளோடு போயிருந்தேன். நுழைவாயிலை ஒட்டிய ஸ்டாலில், இசையமைப்பாளர் படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட் 1,499 ரூபாய். திருப்பூரில் இருந்து இந்தத் துணி என்ன விலைக்குக் கிளம்புகிறது என்று தெரிந்தவன் வாங்க மாட்டான். மகளோடு போனவன் வாங்குவான். ஊருக்கு வந்து முதல் தடவை அலசியதுமே அச்சு ஏடு ஏடாக உரிந்துவிட்டது. பக்கெட் தண்ணீரில் இசையமைப்பாளரின் மூக்குக் கண்ணாடி மட்டும் தனியாக மிதந்தது.

திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் நடத்தும் நண்பருக்குப் போட்டோ அனுப்பினேன். "ஹீட்டு பத்தலீங்க, மை வேகவே இல்லை" என்றார். இந்த மாதிரி அச்சுக்குப் பெரும்பாலும் பிளாஸ்டிசால் மைதான். சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடிவரை வெந்தால்தான் அது நூலோடு பிடிக்கும். அவசர ஆர்டரில் மெஷினை வேகமாக ஓட்டினால் மேல்பக்கம் மட்டும் காய்ந்துவிடும். தொட்டுப் பார்த்தால் தெரியாது, தண்ணீர் பட்டால் தெரியும். இதைக் கேட்டு வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. "நீங்க துவைச்ச விதம் சரியில்லை" என்பதுதான் விற்றவர்களின் முதல் பதிலாக வந்தது. கழுத்துப் பட்டையில் இருந்த லேபிளைப் படம் எடுத்து அனுப்பினேன்: 30 டிகிரி தண்ணீரில் மெஷினிலேயே துவைக்கலாம் என்று அவர்களே போட்டிருந்தார்கள். நாங்கள் கையால்தான் அலசினோம்.

ஆனால் அந்த வாக்குவாதம் வரைக்கும் போவதற்கு முதலில் ஆள் கிடைக்க வேண்டுமே. நிகழ்ச்சி நடத்தியவர்களைக் கேட்டால், "சார், அது வெண்டர் ஸ்டால். டிக்கெட் மட்டும்தான் எங்களோடது" என்று கையை விரித்தார்கள். ஸ்டாலுக்கு மேலே தொங்கிய பேனரில் அவர்கள் பெயரும் இருந்தது. மகள் எடுத்த செல்ஃபியின் பின்னணியில் அது பளிச்சென்று தெரிந்தது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

வெண்டரைக் காட்டிக் கொடுத்தது பில்தான். சுருட்டி வீசும் அந்தத் துண்டுச் சீட்டில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம். அடுத்த பத்தும் அவர்களுடைய பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் இந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் சட்டப்படியான பெயரும் முகவரியும் வந்துவிடும். லாகின் எதுவும் தேவையில்லை. பேனரில் இருந்த ஸ்டைலான ஆங்கிலப் பெயருக்கும் அங்கே வந்த பெயருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன வியாபாரி என்றால், க்யூஆர் ஸ்கேன் செய்து பணம் அனுப்பியபோது போனில் வந்த பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் இன்னும் நல்லது. பொருள் பழுது என்று வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்க வழி உண்டு. அதற்கும் கெடு இருக்கிறது, தாமதிக்கக் கூடாது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் இருந்ததைப் பார்த்துப் பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கவே வேண்டாம். பழுதுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்றே சொல்கிறது. பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. அதனால் 30 நாளுக்குள் எழுத்தில் கேட்டுவிடுங்கள். போனில் பேசியதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஒன்று: சைஸ் பத்தவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் கலர் பிடிக்கவில்லை என்பதெல்லாம் பழுது ஆகாது. அதற்குக் கடைக்காரர் மனது வைத்தால்தான் உண்டு.

என் மெயிலில் கோபம் எதுவும் இல்லை. வாங்கிய தேதி, தொகை, என்ன ஆயிற்று, எனக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும், அவ்வளவுதான். "அடுத்த ஷோவுக்கு கூப்பன் தருகிறோம்" என்று பதில் வந்தது. மதுரையில் இருப்பவனுக்குச் சென்னைக் கூப்பன்! பணமாகத்தான் வேண்டும் என்று ஒரே வரியில் எழுதினேன். அதன்பிறகு பேச்சே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். நடத்தியவர், விற்றவர் இருவர் பெயரையும் கொடுத்துப் புகாரைப் பதியச் சொன்னேன். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனாலும் அரசாங்கத்தில் இருந்து ஒரு தகவல் வந்தால் மௌனம் கலைகிறது. விற்றவர்கள் டி-ஷர்ட்டைக் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். முழுத் தொகையும் கணக்குக்கு வந்தது, டி-ஷர்ட்டை எடுக்க யாரும் வரவில்லை.

1915இலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் ஸ்டாலில் தரும் பில் பெரும்பாலும் வெப்பத் தாளில் அச்சடித்தது. சில மாதத்தில் எழுத்தே மங்கிப்போகும். பில்லை வாங்கியதும், ஸ்டாலை விட்டு நகர்வதற்குள் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.