அரிசி குதிரையில் வரும் ஊர்



வீட்டில் அரிசி தீர்ந்துபோச்சு என்று வைத்துக்கொள்வோம். அம்மாவோ அப்பாவோ என்ன செய்வார்கள்? காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். பத்து கிலோ பையை வாங்கிக் காரில் வைப்பார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அந்தப் பையை நாம் கையில் தூக்குவது எவ்வளவு தூரம்? கார் நிற்கும் இடத்திலிருந்து சமையலறை வரைக்கும்தான். அதற்கே, "ஐயோ, எவ்ளோ கனம்!" என்று சொல்லுவோம்.

இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப்போகும் ஊரில் அரிசி குதிரை முதுகில் வரும். குதிரை கிடைக்காவிட்டால் மனிதர் தலையில் வரும்.

அந்த ஊரின் பெயர் வெள்ளகவி.

தமிழ்நாட்டில் பழனி மலை என்று ஒரு பெரிய மலைத்தொடர் இருக்கிறது. அதன் மேலே, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் நகரம். ஊருக்குப் போனபோது உங்களில் சிலர் அங்கே ஏரியில் படகு விட்டிருப்பீர்கள். மலைக்குக் கீழே பெரியகுளம் என்ற ஊர். மேலே இருக்கும் கொடைக்கானலுக்கும் கீழே இருக்கும் பெரியகுளத்துக்கும் நடுவில், மலைச்சரிவில் இருக்கிறது வெள்ளகவி. மேலிருந்து போனால் வட்டக்கானல் வழியாக இறங்க வேண்டும். கீழிருந்து போனால் கும்பக்கரை அருவிப் பக்கத்திலிருந்து ஏற வேண்டும். எப்படிப் போனாலும் நடைதான். பாதை முழுவதும் கல்லும் மரவேரும். சுற்றிலும் காடு. காட்டுமாடு வரும், யானையும் வரும்.

நம்ம ட்ருகனினா தட்டையான ஊர். இங்கே சைக்கிளில் போனால் மேடு என்பதே தெரியாது. அதனால் 'சரிவு' என்ற சொல்லை உங்களுக்கு எப்படிக் காட்டுவது என்று யோசித்தேன். யூ யாங்ஸில் ஃபிளிண்டர்ஸ் சிகரத்துக்குப் படி ஏறிப் போயிருக்கிறீர்களா? பாதி வழியில் கால் வலித்து உட்கார்ந்தீர்களே, அதுதான் சரிவு. வெள்ளகவிச் சரிவு அதைவிடப் பல மடங்கு நீளம். பள்ளிப்பையோடு அல்ல, அரிசி மூட்டையோடு ஏறுவதாக நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஒரு வேடிக்கையான வரலாறு. வெள்ளகவி புது ஊர் இல்லை. கொடைக்கானல் நகரத்தைவிடப் பழைய ஊர்! 1821-ஆம் ஆண்டு வார்டு என்ற ஆங்கிலேயர் இந்த மலையை அளந்து வரைபடம் போட வந்தார். அவர் தங்கிய ஊர் வெள்ளகவி. அங்கிருந்து ஏறித்தான் இன்றைய கொடைக்கானல் இருக்கும் இடத்துக்குப் போனார். அப்போது அங்கே நகரம் இல்லை. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் மேலே வீடு கட்டினார்கள். வீடுகள் பெருகின. 1914 வாக்கில் மோட்டார் வண்டி போகிற மலைச்சாலையும் வந்தது. ஆனால் அந்தச் சாலை வேறு பக்கமாக ஏறியது. புது ஊருக்குச் சாலை கிடைத்தது. பழைய ஊர் ஒற்றையடிப் பாதையோடு நின்றுவிட்டது. (ஒற்றையடிப் பாதை என்றால் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய பாதை.)

வெள்ளகவிக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். வீட்டு வாசலில் அல்ல, ஊர் எல்லையிலேயே! ஊருக்குள் நிறையக் கோயில்கள் இருக்கின்றன. அதனால் ஊரையே கோயில் மாதிரி நினைக்கிறார்கள். வெளியூரிலிருந்து மலையேற வருகிறவர்களிடமும், "செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்று சொல்லுவார்கள்.

சாமான் தூக்குகிற கதைக்குத் திரும்புவோம். இதில் ஒரு முக்கியமான சொல் இருக்கிறது: சுமைகூலி. சுமை என்றால் தூக்கிச் செல்லும் கனமான பொருள். கூலி என்றால் வேலைக்குக் கொடுக்கும் பணம். சேர்த்துச் சொன்னால், பொருளைத் தூக்கிக்கொண்டு வருவதற்கான பணம். சோப்பு, சர்க்கரை, சிமெண்ட், கட்டில், சமையல் காஸ் எதுவானாலும் கடை விலையோடு சுமைகூலியும் சேரும். ஓட்டு போடும் இயந்திரத்தைக்கூடத் தேர்தல் சமயத்தில் குதிரையில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

உள்ளே வரும் பொருளுக்கு மட்டுமல்ல, வெளியே போகும் பொருளுக்கும் சுமைகூலி உண்டு. வெள்ளகவியில் காபி, எலுமிச்சை, ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம் எல்லாம் விளைகின்றன. (வெண்ணெய்ப்பழம்தான் நீங்கள் டோஸ்ட்டில் தடவிச் சாப்பிடும் அவகாடோ!) ஒரு கணக்குப் போடலாமா? எனக்குக் கணக்கு இல்லாமல் எதுவும் புரியாது. எண்கள் நானே வைத்துக்கொண்டவை.

சந்தையில் ஒரு கிலோ எலுமிச்சை 30 ரூபாய். பறிக்கிற கூலி 5 ரூபாய், சுமைகூலி 8 ரூபாய். மிச்சம் எவ்வளவு? 17 ரூபாய். சரி, அடுத்த வாரம் சந்தையில் விலை 12 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. குதிரைக்குக் கூலி இறங்குமா? இறங்காது. பாதை அதே பாதைதானே! இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு ரூபாய் நஷ்டம். பழத்தைப் பறித்து விற்பதைவிட மரத்திலேயே விட்டுவிடுவது மேல். நல்ல மண், நல்ல மழை, நல்ல பழம், ஆனாலும் கையில் காசு இல்லை. காபி கொஞ்சம் பரவாயில்லை. காய்ந்த காபிக்கொட்டை சீக்கிரம் கெட்டுப்போகாது. விலை ஏறும்வரை வீட்டில் வைத்திருக்கலாம். அழுகுகிற பழம் காத்திருக்குமா?

பழம் அழுகினால் பணம் மட்டும்தான் போகும். உடம்புக்கு முடியாமல் போனால்?

இங்கே நாம் 000-க்குப் ஃபோன் பண்ணினால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும். தமிழ்நாட்டிலும் 108 என்று ஓர் எண் இருக்கிறது. அந்த ஆம்புலன்ஸும் சாலை முடிகிற இடம் வரைக்கும்தான் வர முடியும். அதற்கு மேல் டோலிதான். டோலி என்றால் என்ன தெரியுமா? நீளமான ஒரு மூங்கில் கம்பு. அதில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டுவார்கள். நோயாளியை அதில் படுக்க வைத்து, கம்பின் இரண்டு முனையையும் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். ஒருவருக்குத் தோள் வலித்தால் இன்னொருவர் மாற்றிக்கொள்வார். அதனால் பல பேர் கூடவே போவார்கள். பிரசவ வலி வந்த அம்மாவாக இருந்தாலும், பாம்பு கடித்தவராக இருந்தாலும் இதே வழிதான். வெள்ளகவி ஊராட்சியிலேயே சின்னூர், பெரியூர் என்று இன்னும் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் அவர்கள் டோலியோடு ஆற்றையும் கடக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் காத்திருக்க வேண்டும்.

20 டாலர் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு பக்கம் ஜான் ஃபிளின் என்பவரின் படம் இருக்கும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் மருத்துவர் இல்லாமல் மக்கள் இறந்துபோவதைப் பார்த்தவர் அவர். 1928-இல் குயின்ஸ்லாந்தில் க்ளான்கரி என்ற ஊரிலிருந்து பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். நமக்கு வடக்கே, இந்தோனேசியாவின் பாப்புவா மலைகளிலும் சாலை இல்லாத ஊர்கள் பல உண்டு. அங்கே சரிவிலேயே சின்ன ஓடுபாதை அமைத்துச் சிறு விமானம் இறக்குகிறார்கள். வெள்ளகவி மக்களுக்கு விமானம் எல்லாம் வேண்டாம். அவர்கள் பல வருஷமாகக் கேட்பது ஒரு சாலை.

சாலை போடுவது சுலபம் இல்லை. 2013-இல் இந்த மலைக்காடுகளில் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. மரத்தை வெட்ட, மலையைக் குடைய, வனத்துறையின் அனுமதி வேண்டும். சாலை வந்தால் சுற்றுலாக் கார்களும் பிளாஸ்டிக் பாட்டில்களும் வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். வட்டக்கானலைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் என்னைக் கேட்டால், "சாலை வேண்டாம்" என்று சொல்கிறவர் முதலில் டோலியை ஒரு மணி நேரம் தூக்கிப் பார்க்க வேண்டும். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். வகுப்பில் பேசுவோம்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! தொடக்கப் பள்ளியை முடித்ததும் மேலே படிக்க அவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டும். கொடைக்கானலிலோ பெரியகுளத்திலோ விடுதியிலோ சொந்தக்காரர் வீட்டிலோ தங்கிப் படிப்பார்கள். வீட்டுக்கு வருவது விடுமுறையில்தான். உங்கள் வயதுதான் அவர்களுக்கும். வரும்போது வீட்டுக்கு வேண்டிய சாமானையும் ஒரு பையில் சுமந்துகொண்டு வருவார்கள். ஊர் எல்லை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

பயிற்சி

1. சும, தூக்கு, ஏற்று, இறக்கு. இந்த நான்கு சொற்களையும் வைத்து ஒவ்வொரு வாக்கியம் எழுதுங்கள்.

2. "செருப்பக் கழட்டிட்டு வாங்க." இதை எழுத்துத் தமிழில் மாற்றுங்கள்.

3. சந்தையில் எலுமிச்சை விலை 20 ரூபாய் என்றால், மேலே உள்ள கணக்கின்படி ஒரு கிலோவுக்கு எவ்வளவு மிஞ்சும்?

4. இரண்டு குழுவாகப் பிரிந்து பேசுங்கள்: வெள்ளகவிக்குச் சாலை வேண்டுமா? ஒரு குழு ஊர்மக்களாகப் பேசட்டும், இன்னொரு குழு வனத்துறையாகப் பேசட்டும்.

5. வீட்டில் தாத்தா, பாட்டியிடம் (இல்லையென்றால் வீடியோ காலில்) கேளுங்கள்: "சின்ன வயசுல தண்ணி, விறகு எல்லாம் எவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?" அவர்கள் சொன்னதை அப்படியே பேச்சுத் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள்.