குடல்வளரி அழற்சி: நோய்க்குறிகளும் சத்திரசிகிச்சையும்



குருட்டுக்குடலிலிருந்து விரல் போல நீண்டிருக்கும் ஒடுங்கிய குழாயே குடல்வளரி ஆகும். பேச்சுவழக்கில் அப்பென்டிக்ஸ் என்கிறோம். இதன் ஒரு முனை மூடியது. இறுகிய மலத்துணிக்கையினாலோ வீங்கிய நிணநீர் இழையத்தினாலோ துவாரம் அடைபட்டால் உள்ளே அமுக்கம் கூடும், பக்ரீரியாக்கள் பெருகும், சுவருக்குச் செல்லும் இரத்தம் குறையும். கொய்யா விதையை விழுங்கினால் இந்நோய் வரும் என்று வீடுகளில் சொல்வார்கள். விதை காரணமாவது மிக அரிது. விடைத்தாளில் அதை எழுத வேண்டாம்.

நோய்க்குறிகளைவிட அவை தோன்றும் ஒழுங்கே முக்கியமானது. முதலில் தொப்புளைச் சுற்றி, இடம் காட்ட முடியாத மந்தமான நோவு ஏற்படும். குடல்வளரியின் நரம்புகளும் தொப்புள் பகுதியின் நரம்புகளும் முண்ணாணில் ஒரே மட்டத்தில் சேர்வதே இதற்குக் காரணம். பின்னர் பசியின்மை, ஓங்காளம், வாந்தி, இலேசான காய்ச்சல் தோன்றும். சில மணித்தியாலங்களில் அழற்சி வயிற்றுச்சுவரின் உட்சவ்வைத் தொட்டதும் நோவு வலது கீழ்ப்புறத்துக்கு மாறி நிலைகொள்ளும். இருமினாலும், பஸ் பள்ளத்தில் விழுந்து குலுங்கினாலும் அவ்விடம் குத்தும். எல்லோரிடமும் இவ்வொழுங்கு தெளிவாகத் தெரியாது. எனவே வைத்தியர் வயிற்றை அழுத்திப் பார்ப்பதுடன் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையையும் பரிசோதிப்பார்; தேவையெனில் ஸ்கேன் செய்விப்பார்.

மஹய்யாவையில் எனது வகுப்புக்கு வந்த மாணவன் ஒருவன், கணிதப் பரீட்சை முடியட்டும் என்று இரண்டு நாட்கள் வாய் திறக்கவில்லை. வீட்டில் வாயு என்று நினைத்து இஞ்சித் தேநீர் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் நோவு குறைந்ததால் சுகம் என்றும் நம்பினார்கள். உண்மையில் குடல்வளரி வெடித்து அமுக்கம் தணிந்திருந்தது! அன்றிரவே வயிறு பலகை போல இறுகி, காய்ச்சல் ஏறியது. பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்தத் தவணையே போய்விட்டது.

அரசர்களும் இப்படித்தான். இலங்கையையும் ஆண்ட ஏழாம் எட்வேர்ட் மன்னர், நோயுடனேயே முடிசூடிவிட முயன்றார். விழாவுக்கு இரண்டு நாட்களே இருக்க, 1902 ஜூன் 24இல் பிரெடரிக் ட்ரீவ்ஸ் சத்திரசிகிச்சை செய்து சீழை அகற்றினார். முடிசூட்டு விழா ஓகஸ்ட் 9இலேயே நடந்தது.

வெடிக்குமுன் குடல்வளரியை அகற்றினால் பெரும்பாலானோர் ஓரிரு நாட்களில் வீடு திரும்புவர். வலது கீழ்ப்புறத்தில் சிறு வெட்டு இட்டோ, சிறு துவாரங்கள் வழியே கமராவின் உதவியுடனோ இது செய்யப்படும். அகற்றியபின் சமிபாட்டில் குறை ஏற்படாது. வெடித்தபின் செய்தால் காயத்தில் கிருமித் தொற்று, வயிற்றினுள் சீழ்க்கட்டி முதலிய சிக்கல்கள் கூடுதல். வைத்தியசாலையில் தங்கும் நாட்களும் கூடும். வெடிக்காத சிலருக்கு நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் கொடுப்பதும் உண்டு. ஆனால் 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அவ்வாறு மருந்து பெற்ற 10 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு 90 நாட்களுக்குள் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது.

இத்தகைய நோவுக்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது, குடல்வளரி வெடிக்கக்கூடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கண்டி தேசிய வைத்தியசாலை நமக்குத் தூரமுமில்லை.

மாதிரி வினா: வலது கீழ் வயிற்றில் நோவுடனிருந்த மாணவி ஒருத்தியின் நோவு திடீரெனக் குறைந்தது. அவள் குணமடைந்துவிட்டாள் எனக் கொள்ளலாமா? காரணம் தருக. (4 புள்ளிகள்)